ஆர்டித் கட்டிய தூண்டில்

ஆர்டித் ஹவ்லாண்டுக்கு ஒரே மதியத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். இது மிகை என்று நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினொரு மாதம் ஆயிற்று. என் விமானத்தின் இரண்டு டயர்களும், வலது இறக்கையின் நுனியும், எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் அதில் போயின. ஆனால் அவள் எதற்காகக் கற்றுக்கொண்டாள் என்பதில் ஒரு சொட்டு மிகையும் இல்லை. ராய்ஸ் டேக்கட் என்கிற மனிதன் இனி வானத்தில் ஏறக்கூடாது. அவன் கையில் இருக்கும் சின்ன மஞ்சள் விமானம் தன்னிடம் திரும்பி வரவேண்டும். அறுபத்தாறு வயதில் ஒருத்திக்கு இதைவிடத் தெளிவான குறிக்கோள் இருந்து நான் பார்த்ததில்லை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். குறிக்கோள் இல்லாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆர்டித் எங்கள் இடாஹோவின் டாலிவர் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பயிரிட்ட குடும்பத்தில் ஐந்தாவதாகப் பிறந்தவள். படிப்பு பத்தாவதோடு நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கூடாரம், குதிரைகளுக்குப் போர்வை, படகுகளுக்கு மூடுதுணி என்று கித்தானில் எது கேட்டாலும் தைத்துக்கொடுப்பாள். அவள் போட்ட தையலை அவளாலேயே பிரிக்க முடியாது என்று ஊரில் சொல்வோம். அவள் மனதில் விழுந்த தையலும் அந்த ரகம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. கணவன் எல்டன் மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். அதிகம் பேசமாட்டான். பேசினால் விமானத்தைப் பற்றித்தான் பேசுவான்.

எல்டன் ஓய்வு பெற்ற வருடம் மூன்று பெரிய மரப்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. உள்ளே ஒரு விமானம், துண்டு துண்டாக. எழுபது வருடத்துக்கு முன்னால் இந்த மலைகளில் பறந்த பழைய மஞ்சள் விமானத்தின் சாயலில் இப்போது செய்கிறார்களே, அந்த வகை. தூரத்திலிருந்து பார்த்தால் அதேதான்: உயர்ந்த இறக்கை, துணி போர்த்திய உடம்பு, வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம். கிட்டப் போனால், பழைய வீட்டின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புது வீடு கட்டியது போல இருக்கும். அலுமினியத்துக்குப் பதிலாகக் கரியிழை என்கிற கார்பன் ஃபைபர், பழைய இன்ஜினைப் போல மூன்று மடங்கு பலம், ஆற்று மணலிலும் இறங்கக்கூடிய குண்டு டயர்கள். என்னிடம் இருந்தது நிஜமான கிழம், 1946-இல் பிறந்தது. அதை முன்னால் நின்று கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எல்டனுடையது பொத்தானை அழுத்தினால் கிளம்பும்.

நான்கு குளிர்காலம் இருவரும் களஞ்சியத்தில் உட்கார்ந்து அதைக் கட்டினார்கள். இரும்பு வேலை எல்டனுக்கு, துணி வேலை ஆர்டித்துக்கு. இறக்கையின் மேல் துணியை ஒட்டி, வீட்டில் சட்டை தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் சூடுபடுத்தினால் அது சுருங்கி முரசுத் தோல்போல இறுகும். சூடு கொஞ்சம் கூடினால் துணி கெட்டுவிடும், குறைந்தால் தொங்கும். ஆர்டித் அந்த இஸ்திரிப் பெட்டியின் அடியில் வெப்பமானியை வைத்து வைத்துப் பார்த்துத் தேய்த்தாள். எல்டனின் சட்டைகள் அந்த நான்கு வருடமும் கசங்கியே கிடந்தன.

இந்த எடை குறைந்த விமானங்களில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அறுநூறு கிலோவுக்குள் இருந்தால், ஓட்டுகிறவருக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டாம். கார் ஓட்டும் லைசென்ஸே போதும். ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் ஒருமுறை டாக்டர் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அவர்கள் மாட்டேன் என்றுவிட்டால், அதன்பிறகு கார் லைசென்ஸும் செல்லாது. பெரிய விமானமும் கிடையாது, சின்ன விமானமும் கிடையாது. கேட்காதவரை பறக்கலாம். கேட்டு இல்லையென்று வந்தால் தரைதான். அதனால் எங்கள் ஓடுபாதையில் அறுபது தாண்டிய யாரும் விமான டாக்டரின் வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

இந்த விஷயம் ராய்ஸுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பாசனக் குழாய் விற்பவன். ஆறடி உயரம், கோயில் மணி போன்ற குரல், தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பவன். சனிக்கிழமைதோறும் பெரிய கொட்டகையில் நாங்கள் கூடி அப்பம் சுட்டு, மேப்பிள் பாகு ஊற்றிச் சாப்பிடுவோம். அங்கே மேசையின் தலைமாட்டு நாற்காலி அவனுடையது. அவனிடம் இருந்தது முன்சக்கரம் வைத்த ஒரு பழைய டப்பா. எல்டனின் மஞ்சள் விமானம் முதல் நாள் பறந்து இறங்கியபோது எல்லாரும் கை தட்டினோம். ராய்ஸ் தட்டவில்லை. விமானத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். இறக்கையின் துணியை விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தான்.

அடுத்த மாதம் அப்பம் தின்னும்போது நான் அவர்களுக்கு எதிரேதான் இருந்தேன். எங்கள் பேச்சில் வண்டி என்றால் விமானம்தான்.

"எல்டன், அலாஸ்காவுல என் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். அவனோட பெரிய வண்டிய எனக்கே தர்றேங்கிறான். நாலு பேர் உக்கார்றது. கோடைக்கு அங்கேர்ந்து ஓட்டிட்டு வரணும். தொணைக்கு ஒரு ஆள் வேணும். வர்றியா?" என்றான் ராய்ஸ்.

எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பெரிய வண்டிக்கு டாக்டர் பேப்பர் வேணுமே."

"போய் வாங்கிட்டு வா. உனக்கென்ன, கோவேறு கழுதை மாதிரி இருக்க."

"நீ வாங்கிட்டியா?"

"அடுத்த வாரம் போறேன்ப்பா. நீ முன்னாடி போ. ரெண்டு பேரும் சேர்ந்து அலாஸ்காவுலேர்ந்து மலை மலையா எறங்கி வரலாம். யோசிச்சுப் பாரு."

எல்டன் யோசித்துப் பார்த்தான். அதுதான் கெடுதலாகப் போயிற்று. அவன் வாழ்நாளில் யாரும் அவனை எங்கும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. ஆர்டித்திடமும் சொல்லாமல் பாய்ஸி நகரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தான். இதயத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறது என்றார்கள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தகுதி இல்லை. மேல்முறையீடு செய்து, இன்னும் பத்துப் பரிசோதனை எடுத்து, ஒரு வருடம் காத்திருந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. எல்டன் இரண்டு பரிசோதனைவரை போனான். பிறகு சோர்ந்துவிட்டான். ராய்ஸ் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

ஆர்டித் மொன்டானாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில்தான் ராய்ஸ் ஆறுதல் சொல்ல வந்தான். அவள் திரும்பி வந்தபோது களஞ்சியம் காலியாக இருந்தது. வைக்கோல் தூசியில் மூன்று சக்கரத் தடம் மட்டும்.

"பறக்க முடியாத வண்டிய தினம் பாத்துட்டு இருக்க முடியல ஆர்டித். ராய்ஸுக்கு வித்துட்டேன், நல்லாப் பாத்துப்பான்" என்றான் எல்டன்.

ராய்ஸ் நல்லாப் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த மாதம் தெரிந்தது. ஆர்டித் ஏழு பூச்சுப் பூசித் தேய்த்த அந்தக் கடுகு மஞ்சள் மூக்கில், சுறாமீனின் வாயும் பல்லும் வரைந்திருந்தான்.

எல்டன் இரண்டு வருடம் வீட்டு முற்றத்தில் நின்று அந்தச் சுறாவாய் தலைக்குமேல் போவதைப் பார்த்தான். மூன்றாவது குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான், இடுப்பு முறிந்தது, நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். டாக்டர்கள் குறை சொன்ன இதயம் மட்டும் கடைசிவரை ஒரு தொந்தரவும் தரவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. எங்கள் பக்கத்துச் சாவுச் சாப்பாட்டில் பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு இல்லாமல் இருக்காது. ஆர்டித் உட்காரமாட்டேன் என்று கரண்டியை வாங்கித் தானே பரிமாறிக்கொண்டிருந்தாள். வரிசையில் ராய்ஸ் தட்டோடு நின்று, பக்கத்தில் இருந்தவனிடம் பேசினான். மெதுவாகப் பேசுவதாக அவனுக்கு நினைப்பு. அந்தத் தொண்டைக்கு மெதுவென்பது கிடையாது.

"டாக்டர்கிட்ட போய்க் கேக்கக்கூடாதுன்னு இங்க நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். எல்டன் போய்க் கேட்டான். நல்ல மனுஷன்தான், வெவரம் பத்தாது."

"நீதானேய்யா அலாஸ்கா வண்டின்னு சொல்லி அனுப்பின?"

"எந்த வண்டி?" என்றான் ராய்ஸ். பிறகு சிரித்தான்.

எனக்குத் தட்டு கையிலிருந்து நழுவியது. ஆர்டித்துக்குக் கரண்டி நழுவவில்லை. ராய்ஸ் அவள் முன்னால் வந்தான். ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். மூன்றாவதும் போட்டாள்.

"போதும் ஆர்டித்."

"சாப்பிடு ராய்ஸ். ஒடம்பப் பாத்துக்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எனக்கு ஓட்டக் கத்துக் குடு."

"எதுக்கு?"

"என் வண்டி திரும்பி வரப்போகுது. வந்தா ஓட்டத் தெரியணும்ல."

"ராய்ஸ் தரமாட்டான்."

"தரமாட்டான். தர வெப்பேன்."

வால்சக்கர விமானம் கற்றுக்கொள்வது லேசான காரியம் அல்ல. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே எதுவும் தெரியாது. இறங்கியபின் மிதியில் இருக்கும் கால் ஒரு நொடி தூங்கினால் வால் முன்னால் வர முந்தும். விமானம் தட்டாமாலை சுற்றிப் பக்கத்து வயலில் போய் நிற்கும். ஆர்டித் முதல் மாதத்திலேயே இரண்டு முறை சுற்றினாள். இரண்டாவது தடவை இறக்கை நுனி வேலியில் உரசியது. தூசி அடங்கியதும் பின்னாலிருந்து கேட்டேன்.

"பயமா இருக்கா?"

"கோவமா இருக்கு."

"கோவத்த வெச்சிட்டு ஓட்ட முடியாது ஆர்டித். காலு மரத்துப் போயிடும்."

"அப்ப உள்ள வெச்சுக்கறேன். எறங்கினப்பறம் எடுத்துக்கலாம். வண்டியத் திருப்பு."

சொன்னபடியே உள்ளே வைத்துக்கொண்டாள். பதினொன்றாவது மாதம் தனியாக மூன்று சுற்றுப் பறந்து, கோழி முட்டைமேல் உட்காருவதுபோல இறங்கினாள். முதல்முறை தனியாகப் பறந்தவரின் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டுவது எங்கள் வழக்கம். அன்று அவள் போட்டிருந்தது எல்டனின் கட்டம்போட்ட சட்டை. கத்தரித்துக் கொடுத்தேன். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். சுவரில் ராய்ஸின் துண்டும் தொங்கியது. அதன் பக்கத்தில் எல்டனின் சட்டை தொங்கக்கூடாது என்றாள்.

பறக்கும் லைசென்ஸையும் வாங்கிய பிறகுதான் அவள் தூண்டில் கட்டத் தொடங்கினாள்.

பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் ஒரு வைக்கோல் விவசாயியின் கொட்டகை பனிப்பாரத்தில் இடிந்து விழுந்தது. அடியில் நசுங்கிக் கிடந்தது ஒரு பழைய பெரிய வால்சக்கர விமானம், நால்வர் உட்காருவது. பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை ஆர்டித் இழுத்துக்கொண்டு வந்தாள். எல்டன் செய்த இரும்பு வேலைகளைப் பார்த்திருந்தாளே தவிர, செய்ததில்லை. தகரம் நிமிர்த்தவும் ஆணி தறையவும் கற்றுக்கொண்டாள். தனக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லாத இடங்களில், மலைக்கு அப்பாலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துச் சரிபார்க்க வைத்தாள். மூன்று குளிர்காலம். வேலையை வீட்டுக் களஞ்சியத்தில் செய்யவில்லை. ஓடுபாதை ஓரத்தில் ஒரு கொட்டகையை எடுத்து, கதவைத் திறந்துபோட்டு, எல்லாரும் பார்க்கச் செய்தாள்.

நான் நேராகவே கேட்டேன். "அந்தப் பெரிய வண்டிய ஓட்டறதுக்கு உனக்கு டாக்டர் பேப்பர் வேணும். நீ போகப் போறியா?"

"நான் ஏன் போறேன்?"

"அப்ப யாருக்கு இது?"

ஆர்டித் ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இருக்கைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் தடுக்கவில்லை. வேண்டுமானால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

எதிர்பார்த்தபடியே ராய்ஸ் மோப்பம் பிடித்து வந்தான். முதல் வருடம் வாசலில் நின்றான். இரண்டாம் வருடம் உள்ளே வந்தான். மூன்றாம் வருடம் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். ஆர்டித் ஒருமுறைகூட அவனை வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. அவன் ஆசைப்படுவது விமானத்துக்கு அல்ல, மற்றவர் கையில் இருக்கும் விமானத்துக்கு என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் மஞ்சள் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, ராய்ஸ் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவரில் சாய்ந்து, இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். துடிப்பை எண்ணுகிறவன் எதற்கு எண்ணுவான்?

பெரிய விமானம் முடிந்தது. வெள்ளை உடம்பு, கரும்பச்சைக் கோடு, உள்ளே மான்தோல் நிறத்தில் இருக்கைகள். அதைப் பார்த்தால் எனக்கே நாக்கில் நீர் ஊறியது. அந்தச் சனிக்கிழமை அப்பம் தின்னும்போது ராய்ஸ் வாய் திறந்தான்.

"ஆர்டித், அந்த வண்டிய என்ன பண்ணப் போற? உன்னால ஓட்ட முடியாது. நிறுத்தி வெச்சு முட்டை வெக்கவா?"

"மாத்திக்கலாம்னு இருக்கேன்."

"எதோட?"

"என் மஞ்சள் வண்டியோட. அதைக் குடு, இதை எடுத்துக்க. மேல கீழ ஒண்ணும் வேண்டாம்."

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. சின்னதுக்குப் பதில் அவ்வளவு பெரியது. யாருக்கும் நம்ப முடியவில்லை. ராய்ஸின் காது நுனி சிவந்தது.

"இப்பவே கை குலுக்குவோம்" என்றான்.

"ஒரு நிமிஷம். ஓட்டறதுக்குப் பேப்பர் இருக்கறவங்களுக்குத்தான் தருவேன். நான் கட்டின வண்டில ஒருத்தன் திருட்டுத்தனமா ஏறி விழுந்து செத்தா, பேச்சு எனக்கு. டாக்டர் பேப்பரக் காட்டு, சாவி அன்னிக்கே."

"பேப்பரெல்லாம் எதுக்கு? நான் முப்பது வருஷமா ஒரு மாத்திரை முழுங்கினதில்ல."

"அப்ப என்ன பயம்? போய் முழுங்காததச் சொல்லிட்டு வா."

யாரோ சிரித்தார்கள். நான்தான். ராய்ஸ் என்னைப் பார்த்தான், மேசையைச் சுற்றிப் பார்த்தான். அவனுக்குப் பொறி தெரியாமல் இல்லை. பல வருடம் முன்னால் அவனே வைத்த பொறி அது. ஆனால் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ன சொல்ல முடியும்? தவிர, கதவு திறந்திருந்த எதிர்க் கொட்டகையில் அந்த வெள்ளை விமானம் வெயிலில் நின்றது.

"செவ்வாக்கிழமை போறேன்" என்றான்.

போனான். அது ஏப்ரல். கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் ஆர்டித் தூங்கினாளா என்று தெரியாது. நான் தூங்கவில்லை. ராய்ஸுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் அவன் கைக்கு இரண்டாவது விமானமும் போகும். மூன்று குளிர்கால உழைப்பைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். அதைச் சொன்னபோது ஆர்டித், "அப்பவும் என் வண்டி எனக்கு வரும்ல" என்றாள். ஆனால் சொல்லும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. அது மட்டும் அவளுக்குப் போதாது.

மே மாதக் கடைசியில் ராய்ஸ் அவள் கொட்டகைக்கு வந்தான். நான் உள்ளே பெயிண்ட் தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை.

"இதயத் துடிப்பு சரியில்லையாம்" என்றான்.

ஆர்டித் வெள்ளை விமானத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பேப்பர் எங்க?"

"பேப்பர் தரல. கேட்டியா நீ? சின்னதும் ஓட்டக்கூடாதாம். அதுவும் போச்சு."

"பேப்பர் இல்லன்னா வண்டி இல்ல."

"உனக்குத் தெரியும். எனக்கு இப்படித்தான் ஆகும்னு உனக்குத் தெரியும்."

"ஆகணும்னு நெனச்சேன். தெரியும்னு சொல்ல நான் டாக்டரா?"

ராய்ஸின் அவ்வளவு பெரிய உடம்பு கோட்டுத் தாங்கியில் மாட்டிய கோட்டுபோலத் தொங்கியது. பிறகு வெளியே போய், மஞ்சள் விமானம் இருந்த தன் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டு போட்டான். பூட்டிவிட்டுத் திரும்பி நின்று, பழைய குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இது இங்கயே மக்கட்டும். உனக்கு மட்டும் கெடையாது."

ஆர்டித் இதை எதிர்பார்க்கவில்லை. பறக்க முடியாதவன் விற்றுவிடுவான் என்று நினைத்திருந்தாள்; எல்டன் அப்படித்தான் செய்தான். எல்லாரும் எல்டன் அல்லவே. ஊர் விட்டு ஊர் ஆளை அனுப்பிக் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரையும் ராய்ஸ் முகர்ந்து கண்டுபிடித்துத் துரத்தினான். கோடை போயிற்று, பனி வந்தது. அவன் கொட்டகைப் பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. ஆர்டித் தினமும் அதில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஒரு டயர் காற்றிறங்கிச் சாய்ந்திருந்தது. இடது இறக்கை உடம்போடு சேருமிடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. அவள் இஸ்திரி போட்டு இறுக்கிய துணியில் எலிப் புழுக்கை.

"நீ ஜெயிச்சுட்டல்ல, விடேன். அவன் தரையிலதானே கெடக்கான்" என்றேன்.

"பாதிதான். அவன் தரைல இருக்கான். என் வண்டியும் தரைல இருக்கு. ரெண்டும் ஒண்ணா டீச்சர்? கணக்கு வாத்தியார்தானே நீ?"

அந்தப் பனிக்காலம் முழுக்க ராய்ஸ் சனிக்கிழமை அப்பத்துக்கு வரவில்லை. தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான் என்று கேள்வி. மார்ச் மாதம், பனி உருகிச் சேறான ஒரு காலை, ஆர்டித்தின் தையல் கடைக்கு வந்தான். கையில் பூட்டுச் சாவி. நான் திரைச்சீலைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். முக்கியமான எல்லாவற்றுக்கும் நான் எப்படியோ போயிருப்பேன்.

"எடுத்துக்க. உன் பெரிய வண்டி எனக்கு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு வேணும்" என்றான்.

"என்ன?"

"சனிக்கிழமை சனிக்கிழமை என்னை மேல கூட்டிட்டுப் போ. நான் ஓட்ட மாட்டேன். சும்மா உக்காந்து வர்றேன்."

பிரயாணியாக உட்காருவதற்கு யாருக்கும் எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஆர்டித் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். எல்டன் யாரிடமும் போய் இப்படிக் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது. அதைத்தான் அவள் நினைத்தாள் என்று எனக்குப் பட்டது.

"பின் சீட்டு. அங்க ஓட்டறதுக்கு இருக்கற கோலக் கழட்டிடுவேன். மிதி மேல பலக அடிச்சுடுவேன். எதையும் தொடக்கூடாது. எங்க போறோம்னு கேக்கக்கூடாது."

"சரி."

"பேசக்கூடாது."

அதற்கு மட்டும் அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி" என்றான்.

எலிக்கூட்டை எடுத்து, துணியை வெட்டி ஒட்டி, இஸ்திரி போட்டு, டயரை மாற்ற அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் வேலையாகச் சுறாவாயைச் சுரண்டினாள். மஞ்சள் பூச்சு முழுசாகக் காய்ந்தபிறகுதான் விமானத்தை வெளியே இழுத்தாள். பெரிய விமானத்தை அதன்பிறகு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொன்டானாவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து எடுத்துப்போனார்கள். மீன் மாட்டியபிறகு தூண்டிலை யார் கொஞ்சுவார்கள்?

முதல் சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் அப்பத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றோம். பின்னிருக்கையில் ராய்ஸ், தொடைகளின்மேல் கை, முழங்கால் காதுவரை. அங்கிருந்து பார்த்தால் முன்னால் ஆர்டித்தின் பிடரியும் கம்பளித் தொப்பியும் தவிர ஒன்றும் தெரியாது. எல்டனின் விமானம் அறுபதே அடியில் தரையை விட்டது. நாற்பது நிமிடம் கழித்து, பக்கவாட்டுக் காற்றில், ஒரு சக்கரம் முதலில், மறு சக்கரம் பிறகு, வால் கடைசியில் என்று இறக்கினாள். நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் சனிக்கிழமை அவர்கள் இறங்கியபோது ராய்ஸின் கன்னமெல்லாம் கண்ணீர். பேசக்கூடாது என்பதால் பேசாமல் அழுதான். ஆர்டித் கை கொடுத்து அவனை இறக்கிவிட்டாள். வானம் பெரியது, அதற்குக் கீழே எவ்வளவு நாள்தான் ஒரு பகையைத் தூக்கிக்கொண்டு அலைவது? அன்றோடு அவள் கோபம் கரைந்தது. நான்காம் சனிக்கிழமை பின்னிருக்கையில் கோலைத் திரும்ப மாட்டி, நீயும் கொஞ்சம் பிடி என்று அவனிடம் சொன்னாள்.

இதுவரை எழுதியதை ஆர்டித்தின் சமையலறையில் உட்கார்ந்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். அவள் ஹக்கிள்பெரிப் பழம் ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசி வரி வந்ததும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"கோல நான் மாட்டல. உன் கையெழுத்துல பொய் எழுதாத. அவன் அழல, கண்ணுல தண்ணி வந்துச்சு. எட்டாயிரம் அடில, ஏப்ரல் குளிர்ல, கதவத் தொறந்து வெச்சு ஓட்டினேன். காத்து நேரா பின் சீட்டுக்குத்தான் போகும். அந்த வண்டியக் கட்டினவ நான், எனக்குத் தெரியாதா? வேணும்னேதான் தொறந்தேன். வர்ற சனிக்கிழமையும் தொறப்பேன். அத எழுதிக்க."